மூன்றாவது கையெழுத்து

எனக்குக் கல்யாண மண்டபம் என்றாலே குமட்டும். பேச்சுக்குச் சொல்லவில்லை. வாசலில் பன்னீர் தெளிப்பார்களே, அந்த வாசனை மூக்கில் ஏறியதும் வயிறு புரள ஆரம்பித்துவிடும். பத்திரிகை வைக்க யாராவது வந்தால் சிரித்தபடி வாங்கிக்கொள்வேன். அன்றைக்குக் காய்ச்சல், தலைவலி என்று எதையாவது சொல்லி நழுவிவிடுவேன்.

இது எங்கே ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியும். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் செங்கல்பட்டில் பெரியப்பா மகளுக்குக் கல்யாணம். அப்பா இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அப்பா அணு ஆராய்ச்சி வளாகத்தில் டெக்னீஷியன். அவர் போனபிறகு அம்மாவுக்குக் கருணை அடிப்படையில் அங்கேயே அட்டெண்டர் வேலை கொடுத்தார்கள். அந்த வேலைக்கு நாலு நாள் லீவு போட்டுவிட்டு அம்மா போய்ப் பெரியப்பா வீட்டில் முறுக்கு சுட்டாள், சீர்வரிசைத் தட்டுகளை அடுக்கினாள், மாவு அரைத்தாள். முகூர்த்தத்தில் தாலித் தட்டு சபையைச் சுற்றி வந்தது. எல்லோரும் தொட்டு ஆசீர்வாதம் செய்தார்கள். அம்மாவின் முறை வந்தபோது அவளும் கையை நீட்டினாள். பெரியப்பா தட்டைச் சட்டென்று வாங்கி, அவள் தலைக்கு மேலே தூக்கி, பின்வரிசையில் இருந்தவர்களிடம் கொடுத்தார்.

"நீ கொஞ்சம் பின்னாடி போம்மா. தப்பா எடுத்துக்காத" என்றார். குரல் பணிவாகத்தான் இருந்தது. அந்தப் பணிவுதான் எனக்கு இன்னும் குமட்டுகிறது.

அம்மா எழுந்து போய், சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் கழுவி அடுக்கியிருந்த வாழை இலைக் கட்டுகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். தாலி கட்டும்போது அங்கிருந்தே நாலு அட்சதையைத் தூவினாள். அது மேடை வரைக்கும் போகவில்லை. நான் அப்போது பிளஸ் டூ. வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பந்தியில் உட்கார்ந்து ஜாங்கிரி இரண்டு வாங்கித் தின்றேன். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அதையெல்லாம் வாந்தி எடுத்தேன். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், என் கல்யாணத்தில் அம்மா எனக்குப் பக்கத்தில் முன்னால் நிற்க வேண்டும். வேறு எது இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி.

அதற்கு ஏழு வருடம் கழித்து நாவலூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்துகொண்டிருந்தேன். கேளம்பாக்கத்தில் மூன்று பெண்களோடு ஒரு ஃபிளாட்டில் தங்கியிருந்தேன். நான் கல்யாணம் செய்துகொண்டவரும் அதே கம்பெனியில்தான் இருந்தார். திருக்கழுக்குன்றம் பக்கம் விவசாயக் குடும்பம். அவருடைய அப்பா பயிர் வைப்பதை விட்டுவிட்டு இரண்டு வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். எங்கள் சாதி வேறு, அவர்கள் சாதி வேறு. அவர் வீட்டில் பெரிய ரகளை நடக்கும் என்று பயந்துகொண்டு போனேன். அவருடைய அப்பா வேனுக்கு அடியில் படுத்துக்கொண்டே, "கட்டிக்கினு வாங்க. ஊருக்கு ஒரு வேளை சோறு போட்டுடலாம்" என்றார். அவ்வளவுதான்.

சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி பதிவுக் கல்யாணம் செய்துகொள்வது என்று முடிவெடுத்தோம். தாலி வேண்டாம், ஐயர் வேண்டாம், தட்டு வேண்டவே வேண்டாம். மூன்று சாட்சிகள் கையெழுத்துப் போட்டால் போதும். முதல் சாட்சி அம்மா, இரண்டாவது அவருடைய அப்பா, மூன்றாவது என் தோழி. விண்ணப்பம் கொடுத்துக் கேட்டுக்கொண்டால், அலுவலகத்துக்கு வெளியே நாம் சொல்லும் இடத்துக்கே பதிவு அதிகாரி வருவார் என்பதை அவர்தான் கண்டுபிடித்து வந்தார். நான் உடனே கடற்கரை என்றேன். கடற்கரையில் மேடை கிடையாது. மேடை இல்லையென்றால் முன்வரிசை, பின்வரிசை கிடையாது. யாரும் யாரையும் பின்னால் அனுப்ப முடியாது. இப்படி நினைத்த அளவுக்கு நான் புத்திசாலியாக இருந்தேன்.

பதிவு அலுவலகம் எந்த ஊரில் என்று சொல்ல மாட்டேன். எல்லா ஊரிலும் அது அப்படித்தான் இருக்கிறது. படிக்கட்டு மூலையெல்லாம் வெற்றிலை எச்சில். வேப்பமரத்தடியில் புரோக்கர்கள். அம்மாவும் நாங்கள் இருவரும் உள்ளே போனதும் கிளார்க் தலையைத் தூக்காமலே, "இன்னா, லவ்வா?" என்று கேட்டார்.

"கல்யாணம்" என்றேன்.

"அதாம்மா, லவ்வான்னு கேட்டேன். இவங்க யாரு, ஹவுஸ் ஓனரா?"

"பொண்ணோட அம்மாங்க" என்றாள் அம்மா.

அப்போதுதான் அவர் தலையைத் தூக்கினார். அம்மாவின் நெற்றியைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார், பிறகு விண்ணப்பத்தைப் புரட்டினார். மருந்துக்கடையில் காலாவதித் தேதியைத் தேடுகிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை. முப்பது நாள் எங்கள் பெயர், முகவரி, வயது எல்லாவற்றையும் கண்ணாடிப் பலகைக்குள் ஒட்டி வைப்பார்கள், ஆட்சேபணை உள்ளவர்கள் வந்து சொல்லலாம் என்றார். பத்து நாள் கழித்து ஒரு வேலையாகப் போனபோது பார்த்தேன். கண்ணாடி உடைந்திருந்த ஓட்டை வழியாக யாரோ கையை விட்டு, என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு செல்போன் நம்பரை எழுதிவைத்திருந்தார்கள். யாருடைய நம்பர், எதற்கு என்று நான் யோசிக்க விரும்பவில்லை. கிளார்க்கிடம் சொன்னேன். "பசங்க வெளாட்டுக்கு எழுதியிருப்பானுங்க" என்றார்.

இடம் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் மாமல்லபுரம் கடற்கரைக்குப் போனோம். அலைக்கு முகம் காட்டி ஆட்கள் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். நாங்கள்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டோம், அவர்கள் திருப்பவில்லை. அவர்கள் வீடுகளில் கக்கூஸ் இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தால் மட்டும் மூக்கு கேட்குமா? சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கால் வைக்க இடம் தேடித் தேடி நடந்தேன். கொஞ்சம் தள்ளிப் போனால் பீர் பாட்டில் சில்லுகள். இன்னும் தள்ளி, சவுக்குத் தோப்புக்கு முன்னால் சமமாக, அகலமாக ஒரு இடம் கிடைத்தது. அதன் நடுவில் ஒரு செத்த ஆமை. தை, மாசியில் அந்தக் கரையில் ஆமைகள் செத்து ஒதுங்கும். காக்கைகள் கண்ணைத் தின்றிருந்தன. ஓட்டுக்கு அடியிலிருந்து ஏதோ ஒழுகிக்கொண்டிருந்தது.

"அடுத்த மாசம் இது இருக்காது" என்றார் அவர்.

"வேற ஆமை இருக்கும்" என்றேன்.

பக்கத்து விடுதியின் மேனேஜர் வேலியோரம் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும், "பீச்சு பொதுதான் மேடம், நான் இல்லன்னு சொல்லல. ஆனா எங்க கெஸ்ட் பாக்கற எடத்துல டேபிள் சேர் போட்டீங்கன்னா அசிங்கமா இருக்கும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, வெள்ளைக்காரர்களுக்குத் தாங்கள் கல்யாணம் செய்து வைப்பதாகச் சொன்னார். பூ வளைவு, ஐயர், நாதஸ்வரம், பட்டு வேட்டி எல்லாம் உண்டாம். "அவங்க ஏற்கெனவே கல்யாணம் ஆனவங்கதான் மேடம். இது சும்மா போட்டோவுக்கு." எனக்கு ஆமையே தேவலை என்று தோன்றியது. அந்த ஆமையை என்னோடு வந்தவர் சவுக்குக் கிளையால் இழுத்துப் போய்ப் புதைத்தார். அந்த இடத்தையே வைத்துக்கொண்டோம்.

பெரியப்பாவைக் கூப்பிட வேண்டாம் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். அம்மாதான் கேட்கவில்லை. "அப்பாகூடப் பொறந்தவரு. அவர் இல்லாம எப்படி?" என்றாள். நேரில் போய்ச் சொன்னபோது அவர் பல் குத்திக்கொண்டே கேட்டார். "கடக்கரைக்குக் கருமாதிக்குத்தாம்மா போவாங்க. கல்யாணத்துக்கு யாராச்சும் போவாங்களா? சரி, வரேன். ஆனா ஒண்ணு, உங்கம்மாவ மட்டும் முன்னாடி நிறுத்தாத. நல்ல காரியம் பாரு."

"அங்கே முன்னாடியும் இல்லை, பின்னாடியும் இல்லை பெரியப்பா. மணல்தான்" என்றேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தப் பதிலை நினைத்து எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

அதிகாரி ஒரு சனிக்கிழமையைச் சொன்னார். காலை ஏழரைக்கு வந்து எட்டரைக்குக் கிளம்பிவிட வேண்டும், அன்றைக்கு அவருக்கு வேறொரு கல்யாணம் இருக்கிறது என்றார். சரி என்றேன். நாள் பார்ப்பதில்லை என்பது எனக்குப் பெரிய கொள்கை. வளாகத்தில் அம்மாவுக்குக் கொடுத்திருந்த குவார்ட்டர்ஸின் சமையலறையில் தினசரி காலண்டர் தொங்கும். அம்மா அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அன்னிக்கு மாசி மகம் வருது போல கீதே. கடக்கரையில அன்னிக்கு…" என்று ஆரம்பித்தாள்.

"நாள், நட்சத்திரம் பேசாதே. அதுக்குத்தானே இத்தனை பாடு. பேசாம இரு" என்றேன்.

அம்மா பேசாமல் இருந்தாள். அவளுக்கு அது நன்றாகப் பழகிய வேலை. என்னைக் கட்டிக்கொள்ளப்போகிறவருக்காவது தெரிந்திருக்க வேண்டும், அந்தப் பக்கத்துக்காரர்தானே. அவருக்கு மகம் தெரியும், அது என்றைக்கு வருகிறது என்பது தெரியாது. வேலி போட்ட வளாகத்துக்குள் வளர்ந்த எனக்கு இரண்டுமே தெரியாது.

அந்தச் சனிக்கிழமை வேன் கடற்கரைச் சாலையில் திரும்பியதும் புகைதான் முதலில் தெரிந்தது. பிறகு மணல் முழுக்க நீலத் தார்ப்பாய்கள், பழைய சேலைகளைக் கழியில் கட்டிய மறைப்புகள், அடுப்புகள், ஆயிரக்கணக்கில் ஆட்கள். இருளர்கள். ஏரிக்கரையிலும் செங்கல் சூளையிலும் அரிசி மில்லிலும் இருக்கிறவர்கள், மாசி மகத்துக்கு இந்தக் கரைக்கு வந்து சேருவார்கள். ராத்திரி மணலிலேயே தங்கி, விடிந்ததும் கன்னியம்மாவைக் கும்பிட்டு, பிள்ளைகளுக்கு மொட்டையடித்து, காது குத்தி, கல்யாணமும் முடித்துக்கொண்டு போவார்கள். வருஷா வருஷம் நடப்பது. எங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி நடப்பது. இதைத்தான் அம்மா சொல்ல வந்தாள்.

பெரியப்பா கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "கடக்கரைன்னு சொன்ன. இருளனுங்க கூட்டத்துலன்னு சொல்லலியே" என்றார். அவர் வாயிலிருந்து வந்த அந்த வார்த்தை எனக்கு அசிங்கமாக இருந்தது. அதைவிட அசிங்கம், எனக்கும் அதே எண்ணம் அதே நேரத்தில் வந்தது. கோழி இறகு, கருவாடு, மூத்திரம், ஈர விறகுப் புகை. பட்டுச் சேலையின் முந்தானையை நானும் மூக்கில்தான் வைத்திருந்தேன்.

எங்கள் இடத்தில் ஒரு குடும்பம் இருந்தது. கன்னியம்மாவுக்காக மணலைக் குவித்து ஏழு சின்ன மேடு செய்து, ஒவ்வொன்றிலும் மஞ்சள் தடவிப் பூ வைத்திருந்தார்கள். பக்கத்தில் பாயில் ஒரு பெண் மஞ்சள் சேலை கட்டி உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை புதுச் சட்டையின் கழுத்து மடிப்பை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். அதிகாரி செருப்பைக் கழற்றாமல் மணலில் தடுமாறி வந்தார், பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு. மடக்கு மேஜையைப் போட வேறு இடம் இருந்தது. அவர் அதற்குமேல் நடக்க மாட்டேன் என்றார். "இந்தக் கூட்டத்துல எப்படிம்மா? கொஞ்சம் தள்ளிக்கச் சொல்லுங்க. எனக்கு நேரமாவுது."

எங்கள் ஆட்களில் யாரும் சொல்லப் போகவில்லை. நான்தான் போனேன். மணப்பெண்ணின் அம்மாபோல இருந்த ஒரு பெண்ணிடம், நகரச் சொன்னேன்.

"அஞ்சு நிமிசம்மா. தாலி கட்டிட்டுப் போய்டறோம்" என்றாள்.

"ஆபீசர் வெயிட் பண்றாரு. எல்லாரும் கொஞ்சம் பின்னாடி போங்க" என்றேன். பணிவாகத்தான் சொன்னேன். "தப்பா எடுத்துக்காதீங்க" என்றும் சொன்னேன். சொல்லும்போது அது எங்கே கேட்ட வாசகம் என்று எனக்கு உறைக்கவில்லை.

அவர்கள் எதிர்த்துப் பேசவில்லை. பாயைச் சுருட்டினார்கள், பானையைத் தூக்கினார்கள், அந்தப் பெண்ணை எழுப்பி நடத்திக்கொண்டு சவுக்குத் தோப்பு ஓரமாகப் போனார்கள். யாரோ ஒருவர் கால் பட்டு ஏழு மேட்டில் ஒன்று கலைந்தது. அந்த இடத்தில் மேஜையைப் போட்டோம்.

அதிகாரி அவசர அவசரமாகப் படித்தார். இவரை என் சட்டப்பூர்வமான கணவராக ஏற்கிறேன் என்று நான் சொன்னேன், அவரும் அவர் பங்கைச் சொன்னார். பின்னால் எங்கோ உடுக்கைச் சத்தம், குலவைச் சத்தம். அந்தச் சத்தத்தில் நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. நாங்கள் கையெழுத்துப் போட்டோம். அதிகாரி பேனாவை நீட்டிக்கொண்டே, "பொண்ணு வீட்டு சாட்சி யாரு? சீக்கிரம்" என்றார்.

நான் வலது பக்கம் திரும்பினேன். அம்மா இல்லை. இடது பக்கமும் இல்லை.

"நான்தாங்க" என்று பெரியப்பா கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தார். நான் அம்மாவைத் தேடித் திரும்பி நிற்கும்போதே முதல் கட்டத்தில் கையெழுத்தைப் போட்டுவிட்டார். அவருக்குப் பின் என் மாமனார் போட்டார். மூன்றாவது கட்டம் மீதி இருந்தது. என் தோழி பேனாவைத் தொடாமல் விலகி நின்றாள். அவளுக்கு மட்டும்தான் புரிந்திருந்தது.

அம்மா பின்னால் இருந்தாள். சவுக்குத் தோப்பு ஓரத்தில், நான் விரட்டியவர்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள். நான் கத்திக் கூப்பிட்டதும் ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது.

"உன்னை யார் பின்னாடி போகச் சொன்னது?" என்றேன். எல்லார் முன்னாலும் அவளிடம் கோபப்பட்டேன்.

"நீதானம்மா சொன்ன, எல்லாரும் பின்னாடி போங்கன்னு" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அவங்களத்தான் சொன்னன்னு தெரியும். காலு தானா போயிடிச்சி" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

கையெழுத்துப் போடக் குனிந்தாள். "கையத் தொடச்சிட்டுப் போடும்மா, ரெஜிஸ்தர் வீணாயிடும்" என்று அதிகாரி சிடுசிடுத்தார். அப்போதுதான் பார்த்தேன், அவளுடைய விரல்களெல்லாம் மஞ்சளாக இருந்தன. சேலையில் துடைத்துக்கொண்டு போட்டாள். அப்படியும் பக்கத்தில் கொஞ்சம் தீற்றிக்கொண்டது.

அந்த மஞ்சள் என்ன என்று அன்று மதியம், என் மாமனார் ஊரில் பந்தி முடிந்து கை கழுவும்போதுதான் அம்மா சொன்னாள். "அந்தப் பொண்ணோட அம்மாவுக்கும் புருசன் இல்லியாம். அவதான் தாலிய எடுத்துக் குடுத்தா. குடுக்கறதுக்கு மின்ன பக்கத்துல நின்னவங்களுக்கெல்லாம் தொடறதுக்கு நீட்டினாங்க. எங்கிட்டயும் நீட்டினாங்க." கொஞ்ச நேரம் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். "நான் தொட்டுட்டேன். ஒண்ணும் தப்பில்லையே?"

இல்லை என்றேன். அப்பா போனபிறகு எந்தக் கல்யாணத்திலும் அவளிடம் நீட்டாத தட்டை, நான் முகம் சுளித்து விரட்டியவர்கள் நீட்டியிருக்கிறார்கள். அதே நேரத்தில் நான் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவளுக்காகவே ஏற்பாடு செய்த கல்யாணத்தைச் செய்துகொண்டிருந்தேன். இத்தனை வருடம் பெரியப்பாவை நினைத்துக் குமட்டியதெல்லாம் அன்றைக்கு என் பக்கம் திரும்பியது. இன்றுவரை அது போகவில்லை.

பாஸ்போர்ட்டுக்கு, வங்கிக்கு, பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கு என்று அந்தப் பதிவேட்டுப் பக்கத்தை அப்படியே நகலெடுத்துக் கொடுத்த சான்றிதழை எத்தனையோ இடத்தில் கொடுத்திருக்கிறேன். ஜெராக்ஸில் மஞ்சள் கருப்பாகத்தான் விழுகிறது. ஒருமுறை ஒரு வங்கி அதிகாரி அம்மாவின் கையெழுத்தைச் சுட்டி, "இந்த எடத்துல ஏதோ அழுக்கு, வேற நல்ல காப்பி இருக்கா?" என்று கேட்டார். இதுதான் நல்ல காப்பி என்றேன். அதற்கு இரண்டு வரி மேலே, முதல் சாட்சியாக, இனிஷியலோடு, ஒரு கறையும் இல்லாமல் பெரியப்பா இருக்கிறார்.